நடு வரிசையில் நடந்த கை

அத்தியாயம் 9

"டீச்சர், எனக்கு ஒண்ணு புரியலை."

"ஒண்ணுதானா? தேறிட்டே. சொல்லு."

"முப்பத்தஞ்சு பேர் உட்கார்ந்திருக்கிற ஹால்ல ஒருத்தரை மண்டையில அடிச்சுக் கொல்றாங்க. அந்தப் பிணத்தோட அத்தனை பேரும் எட்டேகால் மணி வரைக்கும் ஆடாம அசையாம உட்கார்ந்திருக்காங்க. யாரும் ஒண்ணும் பார்க்கலையாம். இதுல நாம எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

"கண்ணை மூடியிருந்தாங்க, கத்திரி. அதுதான் அவங்க வழிபாடு."

"என் கல்யாணத்தன்னிக்கு நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்தது தெரியாமலா போச்சு?"

உள்ளொளி சபையார் நடத்தும் சலவைக்கூடத்தின் மடிப்பு அறை அது. ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஹோட்டல் படுக்கை விரிப்புகள் நாலு பக்கமும் சூடு தந்துகொண்டிருந்தன. டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். அதைவிட முக்கியம், முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தவர். எந்தக் கழுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முதுகை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் அந்தக் கண்ணை வீட்டில் சும்மா போட்டுவைக்க மனம் வராமல் துப்பறிய வந்துவிட்டார். கத்திரி அவரிடம் படித்து மூன்று முறை தோற்றவன். இப்போது நாற்பத்தைந்து வயது, சொந்த சலூன், சொந்தத் தலையில் ஒரு முடி கிடையாது.

"மணி ஒன்பதரை ஆச்சு. பதினோரு மணிக்குக் கை தூக்கிடுவாங்க" என்றாள் மருமகள்.

அவள்தான் இவர்களை வரவழைத்தவள். கொலையானவர் அவளுடைய மாமனார். உள்ளொளி சபையில் மணி அடிப்பவர். தெருவில் இந்தச் சபைக்குக் 'கண்மூடிகள்' என்று பெயர். தினமும் காலை ஆறு மணிக்கு மணிக்காரர் ஒரு மணி அடிப்பார், எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஆறரைக்கு மறுபடி அடிப்பார், பத்து எண்ணிவிட்டுத் திறப்பார்கள். நடுவில் கண் திறப்பது பாவங்களிலேயே முதல் பாவம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் இரண்டாவது மணி ஆறரைக்கு அடிக்கவில்லை. எட்டேகாலுக்குத்தான் அடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், மணிக்கயிற்றுக்குக் கீழே மணிக்காரர் செத்துக் கிடந்தார்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. செத்தவர் மணி அடித்திருக்க முடியாது. ஆகவே மணி தானாகவே அடித்தது என்று சபை முடிவு கட்டி, அதற்கு வருஷா வருஷம் நன்றி சொல்கிறது. போலீஸ் ஆறு மாதம் அலைந்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டது. மிஞ்சியது மருமகள். அன்று அவள் சமையலறையில் இருந்தாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு கதவு. அன்று கண் திறந்திருந்த ஒரே ஆள் அவள்தானே என்று ஒருவர் சொல்ல, ஒன்பது பேர் ஆமாம் போட, இன்று பதினோரு மணிக்கு அவளை வெளியே அனுப்புவதா என்று சபை கை தூக்கப் போகிறது. அவள் போனால் போகட்டும். ஆறு வயது மகள் போக முடியாது. சபையில் பிறந்த குழந்தை சபைக்கு என்பது விதி. கணவன் உயிரோடிருந்தால் ஏதாவது பேசியிருப்பான். அவன் குழந்தை பிறந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான்.

"கை தூக்கும்போதும் கண்ணை மூடித்தானா?" என்றான் கத்திரி.

"ஆமாங்க."

"அப்ப யாரும்மா எண்றது?"

"பெரியவர். சபைத் தலைவர்."

"அவர் இதுவரைக்கும் எத்தனை தடவை தோத்திருக்கார்?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

"நானும் அப்படி ஒரு சபை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், டீச்சர்."

"முதல்ல வாயை மூடுற சபையா ஆரம்பி." டீச்சர் மருமகள் பக்கம் திரும்பினார். "கேட்டது கிடைச்சுதாம்மா?"

மருமகள் துண்டு அடுக்குக்குள் கையை விட்டு ஒரு நீள நோட்டை உருவினாள். அனுபவ நோட்டு. வழிபாடு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் பாய் எண்ணைப் போட்டு, கண்மூடிய நேரத்தில் தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். மூப்புக் காரணமாகப் பெரியவருக்கும், வேலை காரணமாக மணிக்காரருக்கும் மட்டும் விலக்கு.

"கொலை நடந்த அன்னிக்குமா எழுதினாங்க?"

"போலீஸ் வர்றதுக்குள்ள எழுதி முடிச்சுட்டாங்க. எழுதாட்டி சாப்பாடு கிடையாதுங்க."

"போலீஸ் இதைப் படிக்கலையா?"

"பக்தி நோட்டுன்னு தொட்டுக் கும்பிட்டு வெச்சுட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் மடிப்பு மேஜைமேல் துணிக் கிளிப்புகளை அடுக்கத் தொடங்கினார். முன்னிருந்து பின்னாக ஏழு, அப்படி ஐந்து வரிசை. முப்பத்தைந்து கிளிப், முப்பத்தைந்து பாய். அவரவர் பாய் அவரவருக்கு ஆயுள் வரைக்கும். முன்னால் இடது மூலையில் ஒரு நூல்கண்டை வைத்தார்: மணிக்கயிறு, மணிக்காரரின் இடம். நடு வரிசைக்கு நேர் முன்னால் ஒரு சோப்புக் கட்டி: பெரியவரின் மேடை. மேடைக்குப் பின்னால் ஒரு கைக்குட்டை: திரை. திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு, அது திறப்பது இதோ இந்த மடிப்பு அறைக்குள்.

"படி, கத்திரி."

கத்திரி குரலைச் சரிசெய்துகொண்டான். "'பெரியவரின் நாதம் தேனாக இருந்தது. திடீரென்று நாதம் நின்றது. மௌனமே பேசிற்று.' நாதம்னா என்னம்மா?"

"பெரியவர் மேடையில உட்கார்ந்து அரைமணி நேரமும் 'ம்ம்ம்'னு இழுத்துக்கிட்டே இருப்பாருங்க. அதைக் கேட்டுத்தான் எல்லாருக்கும் மனசு அடங்கும்."

"அடுத்தது. 'டமார் என்று ஓர் ஒலி. என் ஆணவம் உடைந்தது என்று உணர்ந்தேன்.' அட பாவி மனுஷா, உடைஞ்சது பக்கத்துல ஒருத்தர் மண்டை."

"மேலே படி."

"'வெகுநேரம் கழித்து, எனக்கு முன்னால் வலமிருந்து இடமாகக் கனமான ஏதோ தரையில் இழுபடும் ஓசை. என் பாவங்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அழுதேன்.' டீச்சர், இவங்க காதால பார்த்து முழுக் கொலையையும் எழுதி வெச்சிருக்காங்க."

"அதுக்குத்தான் கேட்டேன். பரீட்சையில விடை தெரியாதவன்கூடப் பேப்பரை நிரப்புவான். நாமதான் படிச்சுப் பார்க்கணும். அது எந்தப் பாய்?"

"முன்னால, இடது ஓரம்."

டீச்சர் அந்தக் கிளிப்பைச் சாய்த்துவைத்தார். கத்திரி பக்கத்தைப் புரட்டினான்.

"இதோ பாருங்க. 'ஒரு கை என் தலையைத் தொட்டது. ஆசி பெற்றேன்.' அடுத்ததும் அதே. 'இறைவன் கை என் தலைமேல்.' இன்னொண்ணு, 'இருமுறை தொட்டது, இரட்டிப்பு ஆசி.' மொத்தம் ஆறு பேருக்கு ஆசி கிடைச்சிருக்கு."

"பாய் எண்ணைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, டீச்சர் ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் கிளிப் வைத்தார். ஆறாவது சிவப்பை வைத்ததும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். நடு வரிசையில் முன்னிருந்து பின்னாக ஆறும் சிவப்பு. கடைசி ஏழாவது மட்டும் பழைய மரக் கிளிப்.

"இறைவன் நேர்க்கோட்டுல நடப்பார் போல" என்றான் கத்திரி.

"கண்ணைத் திறந்து நடக்கிறவங்க வழியில இருக்கிற தலையெல்லாம் தடவிக்கிட்டா போவாங்க?"

மருமகள் நிமிர்ந்தாள். "அப்படின்னா..."

"அப்படின்னா, அன்னிக்கு இந்த ஹால்ல நடந்த ஆளுக்கும் கண்ணு மூடித்தான் இருந்தது. நீ ஒருத்திதான் கண் திறந்திருந்தவ, நீ மட்டும்தான் இதைச் செய்திருக்க முடியாது. இதை நான் சொன்னா உன் சபை கேக்காது. யாருன்னு சொன்னாத்தான் கேக்கும். கத்திரி, வா."

*

இஸ்திரி அக்கா நடு வரிசையில் நாலாம் பாய். ஒரே கையால் ஈரம் தெளித்து, மறுகையால் தலையணை உறையை இழுத்துப் பிடித்து, வாயால் பேசிக்கொண்டே பெட்டியை ஓட்டினார்.

"இரட்டிப்பு ஆசி எனக்குத்தான். ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு. மறக்கிற விஷயமா அது?"

"அக்கா, நான் தொழில்ல தலை பிடிக்கிறவன்" என்றான் கத்திரி. "இப்ப உங்க பின்னால நின்னு கையை வைக்கிறேன். அப்படியா இருந்தது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா, இதேதான். விரல் நெத்தியில பட்டுது. முதல் ஆசி."

"இரண்டாவது?"

"அது வேற மாதிரி. விரல் பிடரிப் பக்கம்."

கத்திரி சுற்றி முன்னால் வந்து கையை வைத்தான். "இப்படி?"

"அட, ஆமாப்பா. உன் கையிலயும் அருள் இருக்கு போலிருக்கே."

"எங்க சலூன்ல அதுக்குத் தனியா வாங்கறதில்லைக்கா." அவன் டீச்சரைப் பார்த்தான். "பின்னாலிருந்து முன்னால போனார். அப்புறம் முன்னாலிருந்து பின்னால திரும்பினார். தலை பிடிக்கிறதுல நான் தப்பு பண்ண மாட்டேன்."

"முதல் ஆசிக்கும் இரண்டாவது ஆசிக்கும் நடுவுல என்ன கேட்டுதுக்கா?" என்றார் டீச்சர்.

"நாதம் நின்னுது. ஏதோ சத்தம். அப்புறம் ரொம்ப அமைதி. ஹும், அதெல்லாம் ஒரு காலம். இப்பவும் பெரியவர் நாதம் பண்றார், ஆனா அந்தப் பழைய இனிமை இல்லை. அந்த அருள் ரேகையும் போயிடுச்சு."

"அது என்ன ரேகை?"

"வழிபாடு முடிஞ்சு பார்த்தா பெரியவர் கன்னத்துல கோடு கோடா விழுந்திருக்கும். குறுக்கும் நெடுக்குமா. அருள் இறங்கினதுக்கு அடையாளம். கொலை நடந்த நாள்கூட இருந்துது. மறுநாள்லேர்ந்து வர்றதே இல்லை. சபையில பாவம் புகுந்துட்டுதுன்னு அருள் விலகிட்டுது."

சொல்லிக்கொண்டே அக்கா உறையின் மூலையில் இருந்த ஒரு சுருக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பெட்டியை அதன்மேல் இரண்டு தரம் அழுத்தினார். டீச்சர் அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற மருமகளைக் கேட்டார்:

"அம்மா, உன் மாமனார் வழிபாடு முடிஞ்சதும் முதல்ல என்ன கேப்பார்?"

"வெந்நீர்ங்க. தினமும் தொண்டை கட்டிக்கும்னு கேப்பார். ஏன் மாமா, மணி அடிக்கிறதுக்கு எதுக்குத் தொண்டைன்னு கேட்டிருக்கேன். சிரிப்பார். அவர் போனப்புறம் பெரியவர்கிட்டயும் ஒரு தடவை இதைச் சொல்லிக் கேட்டேன். அன்னிலேர்ந்துதான் அவருக்கு என்னைக் கண்டா ஆகலை."

வெளியே வந்ததும் கத்திரி குசுகுசுத்தான். "என்ன டீச்சர், முகம் பிரகாசமா இருக்கு?"

"துணியில சுருக்கம் இருந்தா விடமாட்டாங்க. முகத்துல இருந்தா கும்பிடுறாங்க."

"புரியலை."

"மூணு தடவை தோத்தவனுக்கு உடனே புரிஞ்சா நான் பாடம் எடுத்ததுக்கு மரியாதை இல்லை. நடு வரிசை ஏழாம் பாய் யாரு?"

"மேஸ்திரி. துவைப்புக்கு மேஸ்திரி."

*

துவைப்புத் தொட்டிகள் பின்கட்டில் இருந்தன. சுவர் ஓரமாகத் துணி அடித்துத் துவைக்கும் அடிகட்டைகள், குறைந்தது அறுபது இருக்கும், ஒரே மாதிரி, ஒரே நீளம், நீரில் ஊறி வெளுத்தவை. மேஸ்திரி முழங்கால் வரை நுரையில் நின்று ஒரு கனத்த விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு அந்தத் தோள் அதிகம்.

"மணிக்காரரைப் பத்திக் கேக்க வந்தோம்."

"என் சிநேகிதன்" என்றார் அவர். "நாற்பது வருஷம். அதுக்குமேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை."

"அனுபவ நோட்டுல உங்க முன்னால இருந்த ஆறு பேருக்கும் ஆசி கிடைச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் இல்லையே?"

முறுக்குவது நின்றது. "எனக்கு அன்னிக்கு அந்தத் தகுதி இல்லை."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியுமா? 'அவன் சித்தம் என் சித்தம் அல்ல.' அவ்வளவுதான்."

"அதேதான் இன்னிக்கும் சொல்றேன்." அவர் டீச்சரை நேராகப் பார்த்தார். "பெரியவர் மனுஷன் இல்லைம்மா. அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. வெளியில கட்டிக்கிட்டுப் போனா. போய்ச் சேர்ந்துட்டா." விரிப்பை மறுபடி முறுக்கினார். தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அடுத்த கேள்விக்கு இடம் இல்லை.

திரும்பி வரும் வழியில் கத்திரி அடக்க மாட்டாமல் சொன்னான். "ஆறு தலையில கை பட்டிருக்கு, ஏழாவதுல படலை. தன் தலையைத் தானே தடவிக்கிட்டு யாரும் கிளம்ப மாட்டாங்க. கிளம்பினவர் இவர்தான். சரியா?"

"சரி."

"ஆனா டீச்சர், போன இடம் இடிக்குதே. நடு வரிசை முன்னால எங்க போய் முடியுது? மேடையில. செத்தவர் கிடந்தது இடது மூலையில. இவர் மணிக்காரரைத் தேடிப் போயிருந்தா இடது சுவரைப் பிடிச்சுக்கிட்டே போயிருக்கலாம், ஒரு தலையும் வழியில இல்லை. அதோட நாற்பது வருஷ சிநேகிதனைக் கொல்லணும்னா என்ன கோபம்? அதனால நான் சொல்றது, கொலைகாரர் பெரியவர். மேஸ்திரி மேடைக்குப் போய் ஏதோ பேசியிருக்கார், அவ்வளவுதான்."

"கண்ணை மூடிக்கிட்டு நடுவழிபாட்டுல போய்ப் பேசினாராக்கும். ஆனா பாதி சரியாச் சொல்றே. எப்பவும் உனக்குப் பாதி மார்க்தான் கொடுத்திருக்கேன். வா, மணி பத்தே முக்கால்."

*

ஹாலில் முப்பத்தைந்து பேரும் அவரவர் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். புது மணிக்காரர் கயிற்றின் கீழே. குழந்தைகள் முன்னால், அவர்கள் நடுவே மருமகளின் மகள், முட்டியைக் கட்டிக்கொண்டு. சமையலறைக் கதவருகே மருமகள், கையில் ஒரு சின்னத் துணிப்பை, தன்னுடையதை மட்டும் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மேடையில் பெரியவர், எழுபது வயது, வெள்ளை மெத்தை, வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தாடி.

மணி அடித்தது. முப்பத்தைந்து ஜோடிக் கண்களும் மூடிக்கொண்டன.

"வெளியேறுகிறவள் சார்பில் ஒருவர் பேசலாம்" என்றார் பெரியவர். "சபை கண்மூடிக் கேட்கும்."

டீச்சர் நடு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் நடக்கத் தொடங்கினார். பரீட்சை ஹால் நடை.

"நான் ரெண்டே கேள்வி கேக்கறேன். யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம். முதல் கேள்வி, அன்னிக்கு மணி ஏன் எட்டேகாலுக்கு அடிச்சுது?"

"தானாக அடித்தது" என்றது சபை, ஒரே குரலில்.

"சரி, தானாவே அடிக்கட்டும். ஏழு மணிக்கு அடிச்சிருக்கலாமே? ஏழரைக்கு? அடிக்க வேண்டிய ஆள் செத்துட்டார், அதனால அடிக்கலை. எட்டேகாலுக்கு வேற யாரோ அடிச்சாங்க. அந்த ஆள் அதுக்கு முன்னால ஏன் அடிக்கலைன்னு யோசிச்சேன். ஒரே பதில்தான் வந்துது. தூங்கிட்டிருந்தார்."

மேடையில் தாடி அசைந்தது. "இது சபையை அவமதிப்பது..."

"பெரியவரே, நான் பேசும்போது நடுவுல பேசக்கூடாதுன்னு உங்க விதியில நாலாவதா எழுதியிருக்கு. திரைக்குப் பின்னால ஒரு கதவு. அந்தப் பக்கம் மடிப்பு அறை. காலையில அங்க சூடு ஆறாத விரிப்பு மலை மலையா இருக்கும். நாலரை மணிக்கு எழுந்திரிக்கிற எழுபது வயசுக்காரருக்கு அதைவிட சொர்க்கம் வேற ஏது? முதல் மணி அடிச்சதும் இவர் அங்க போய்ப் படுப்பார். மணிக்காரர் மேடையில வந்து உட்கார்ந்து, இவருக்குப் பதிலா நாதம் பண்ணுவார். ஆறு இருபத்தஞ்சுக்குப் போய் எழுப்பிவிடுவார். கன்னத்துல விரிப்போட மடிப்பு அப்படியே பதிஞ்சிருக்கும். நீங்க அதை அருள் ரேகைன்னு கும்பிட்டீங்க. நாதம் பண்ணினவர் மருமககிட்ட வெந்நீர் கேட்டுக் குடிச்சார்."

எங்கோ ஒரு பாயில் இஸ்திரி அக்கா "ஐயோ, மடிப்பா" என்று முனகியது எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கு எழுப்ப ஆள் வரலை. எட்டு மணிக்குமேல தானா முழிச்சார். வந்து பார்த்தா நீங்க எல்லாரும் கண்ணைத் திறக்காம உட்கார்ந்திருக்கீங்க. இவரோட மேடையில, இவரோட மெத்தையில மணிக்காரர் செத்துக் கிடக்கார். நான் எங்க இருந்தேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? இழுத்துக்கொண்டுபோய்க் கயித்துக்குக் கீழே போட்டார். மெத்தையில புது விரிப்பு, இங்க வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? மணியை அடிச்சார். நீங்க பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள மேடைக்கு வந்துட்டார். முன் பாய்க்காரரே, உங்க பாவத்தை யாரும் இழுத்துக்கிட்டுப் போகலை, மன்னிச்சுக்குங்க."

"நான் கொல்லலை." பெரியவரின் குரல் முதல் தடவையாகச் சாதாரணக் கிழவர் ஒருவருடையதாக இருந்தது. "சத்தியமா நான் கொல்லலை. தூங்கினேன். தூங்கினது தப்புதான்."

கத்திரி டீச்சரின் காதருகே வந்தான். "நான் சொன்ன கொலைகாரர் கைவிட்டுப் போறாரே."

"போகட்டும். ரெண்டாவது கேள்வி." டீச்சர் நடையை நிறுத்தினார். நின்ற இடம் நடு வரிசையில் ஏழாம் பாய்க்குப் பக்கம். "அன்னிக்கு ஒருத்தர் எழுந்து, ஆறு தலையைத் தடவி வழி கண்டுபிடிச்சு, நாதம் வர்ற இடத்தைக் கேட்டுப் போய் அடிச்சார். யாரை அடிக்கப் போனார்? மேடையில உட்கார்ந்து நாதம் பண்றவர் யாருன்னு இங்க குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆறு மாசம் போலீஸ், மணிக்காரரோட எதிரி யாருன்னு தேடிச்சு. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை. கொல்ல வந்த ஆள் பெரியவரைக் கொல்ல வந்தார். கண்ணை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா மணிக்காரர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்."

புது மணிக்காரர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

மேஸ்திரி கண்ணைத் திறந்தார்.

அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தீங்களா?"

பெரியவர் மெத்தை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் மேடையில அடிச்சேன். கண்ணைத் திறந்து பார்த்தா மேடையில நீங்க உயிரோட உட்கார்ந்திருக்கீங்க. என் சிநேகிதன் அங்க மூலையில கிடக்கான். என் அடியைக் கடவுள் நடுவழியில திருப்பிட்டார்னு நினைச்சேன். உங்களை அவரே காப்பாத்துறார், நான் யாருன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா உங்க காலைக் கழுவிக் குடிக்காத குறை. நீங்க துணிக்குள்ள சுருண்டு தூங்கிட்டிருந்தீங்களா?"

"எதுக்குய்யா என்னைக் கொல்லணும்?" என்றார் பெரியவர்.

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, வெளியே போனவளைப் பார்க்கக் கூடாதுன்னீங்க. செத்த சேதி வந்ததையும் மூணு நாள் மடிச்சு வெச்சிருந்தீங்க. மணிக்காரன்தான் மனசு கேக்காம எங்கிட்ட வந்து சொன்னான்." அவர் குரல் உடையவில்லை. தட்டையாக இருந்தது. "அவனைத்தான் நான் அடிச்சேன்."

"நடுவுல ஒரே ஒரு நொடி கண்ணைத் திறந்திருக்கலாமேய்யா" என்றான் கத்திரி. கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தது, முடியும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது.

"வழிபாட்டு நேரம்" என்றார் மேஸ்திரி. "திறக்கக் கூடாது."

ஒவ்வொருவராகக் கண் திறக்கத் தொடங்கினார்கள். மணி அடிக்கவில்லை என்று யாருக்கும் நினைவு வந்ததாகத் தெரியவில்லை. கத்திரி போலீஸுக்குப் போன் பேச வாசலுக்குப் போனான். மேஸ்திரி எழுந்து போகாமல் தன் பாயிலேயே இருந்தார். மருமகள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரலைம்மா."

"வர வேண்டாம். மாமாவைக் கொன்னதுக்குக் கோர்ட்டு இருக்கு. நான் கொன்னேன்னு இவங்க எல்லாரும் சொன்னப்ப, என் குழந்தையைப் பிரிக்கிறேன்னு சொன்னப்ப, அப்பவும் நான் போட்டதைச் சாப்பிட்டுட்டு எழுந்து போனீங்களே. பொண்ணைப் பிரிஞ்சு நின்னவர்தானே நீங்க? அதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனாள். குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கியது. அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஆறு வயதுக்கு அது பெரிய குழந்தைதான், கால் அம்மாவின் முழங்கால்வரை தொங்கியது.

"என் துணியெல்லாம் உள்ளயே இருக்கேம்மா" என்றது குழந்தை.

"வேற வாங்கிக்கலாம்."

பெரியவர் மெத்தையிலிருந்து ஊன்றி எழுந்தார். பழக்கம் யாரை விட்டது? தாடியை ஒருமுறை நீவிக்கொண்டு, பழைய குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"நடந்தது நடந்தது. ஆனாலும் விதி விதிதான். சபையில் பிறந்த குழந்தையை வாசலுக்கு வெளியே..."

நாலாம் பாயிலிருந்து இஸ்திரி அக்கா எழுந்தார். நேராகப் போய் வாசல் கதவின் தாழை நீக்கி, தாயும் மகளும் போகும்படி அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போய்ப் படுங்க, பெரியவரே."